சங்குக்கு முன்னும் பின்னும்

"வெட்டியாகச் சுற்றாதே" என்று வீட்டில் பிள்ளைகளைத் திட்டுகிறோம். இன்று வெட்டி என்றால் வீண் என்று பொருள். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் அந்தச் சொல்லுக்கு வேறு கனம் உண்டு. கூலி வாங்காமல் செய்தே தீர வேண்டிய வேலைக்குப் பெயர்தான் வெட்டி. ஜப்பானிய வரலாற்று அறிஞர் நொபொரு கராஷிமா சோழர் கல்வெட்டுகளில் வரும் வரிச் சொற்களை எண்ணிக் கணக்கெடுத்தார். அடிக்கடி வரும் சொற்களில் வெட்டியும் ஒன்று. அதாவது நெல்லாகவும் காசாகவும் வாங்கியதைப் போலவே, மனிதனின் உழைப்பு நேரத்தையும் வரியாக வாங்கினார்கள்.

ராஜாக்கள் போய்விட்டார்கள். வெட்டி போனதா என்றால், போகவில்லை என்றுதான் சொல்வேன். முன்பு நாள்கணக்கில் வாங்கினார்கள். இப்போது பத்து நிமிடம், கால் மணி, அரை மணி என்று சில்லறையாக வாங்குகிறார்கள். அந்தச் சில்லறையின் கதையைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஓர் ஆலையின் டைம் ஆபீசில் வேலை பார்த்தவன் நான். அடுத்தவர் நேரத்தை எழுதுவதே என் பிழைப்பு. அதற்கும் முன்பு, அண்ணாகிராமம் பக்கத்துச் சிறுவனாக இருந்தபோது, நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையின் சங்குதான் எங்களுக்குக் கடிகாரம். சங்கு ஊதினால் அம்மா உலை வைப்பார். கரும்புக் கொல்லையில் இருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அதற்கு முந்தைய தலைமுறைக்குப் பொழுது விடிவதும் சாய்வதும்தான் கணக்கு. ஆலை வந்த பிறகுதான் நேரத்தை வெட்டி நறுக்கி விலை போடும் பழக்கம் எங்கள் பக்கம் வந்தது.

இந்த நாட்டில் ஆலை நேரத்துக்குச் சட்டம் வந்த வரிசையைப் பாருங்கள். 1881இல் முதல் தொழிற்சாலைச் சட்டம். அதில் குழந்தைகளுக்கு மட்டும் ஒன்பது மணி நேர வரம்பு. 1891இல் பெண்களுக்குப் பதினோரு மணி நேரம், எல்லோருக்கும் வாரத்தில் ஒருநாள் ஓய்வு. பஞ்சாலையில் வேலை செய்யும் ஆண்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்ற வரம்பு வருவதற்கு 1911 ஆகிவிட்டது. 1922இல் நாளுக்குப் பதினொன்று, வாரத்துக்கு அறுபது. 1934இல் நாளுக்குப் பத்து, வாரத்துக்கு ஐம்பத்து நான்கு. அந்த 1934 சட்டத்திலும் ஒரு விலக்கு உண்டு. பருவகால ஆலைகள் என்று ஒரு பட்டியல் போட்டு, அவற்றுக்குப் பதினொன்றும் அறுபதும் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பட்டியலில் சர்க்கரையும் வெல்லமும் இருந்தன. கரும்பு விளையும் எங்கள் சீமைக்கு அது சின்ன விஷயமில்லை.

1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தொடங்கியதும் போட்ட முதல் ஒப்பந்தமே வேலை நேரம் பற்றியதுதான். நாளுக்கு எட்டு, வாரத்துக்கு நாற்பத்தெட்டு. ஆனால் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டும் தனி விதி எழுதி, வாரத்துக்கு அறுபது என்று வைத்தார்கள். வெயில் நாட்டுக்காரனின் நேரம் அப்போது மலிவு.

சட்டம் எழுதப்படும்வரை தொழிலாளர்கள் கைகட்டி நிற்கவில்லை. 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலையில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நிற்க வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வோடு வார விடுமுறையும் கோரிக்கையில் இருந்தது. 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னையில் பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க., செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு எல்லோரும் அதில் இருந்தார்கள். பின்னி ஆலைத் தொழிலாளர்கள் முதலில் கொண்டுவந்த குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. பெரிய தத்துவமெல்லாம் இல்லை. சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து, கை கழுவி, உண்டு முடிக்கச் சில நிமிடம் கூட வேண்டும், அவ்வளவுதான். தொழிற்சங்க வரலாறு நிமிடக் கணக்கில்தான் ஆரம்பிக்கிறது.

எங்கள் கடலூருக்கு மிக அருகில் நடந்த கதைக்கு வருகிறேன்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போகிறவர்கள் முதலியார்பேட்டை தாண்டும்போது ஒரு பெரிய ஆலை வளாகத்தைப் பார்த்திருப்பார்கள். ஏ.எஃப்.டி. என்று எல்லோருக்கும் தெரிந்த ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ். பழைய ஆட்கள் ரோடியர் மில் என்பார்கள். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்ததில் நொந்து, 2020இல் அடியோடு மூடப்பட்டது. அதனோடு சேர்த்துப் பிரெஞ்சுப் புதுச்சேரியில் மூன்று பெரிய பஞ்சாலைகள் இருந்தன. சவானா, ரோடியர், கெப்ளே. பின்னாளில் சவானா சுதேசி மில்லாகவும் கெப்ளே பாரதி மில்லாகவும் பெயர் மாறின.

பிரிட்டிஷ் இந்தியாவில் அரைகுறையாகவேனும் சட்டம் இருந்தது. பெண்ணையாற்றைத் தாண்டிச் சற்றுத் தூரம் போய் பிரெஞ்சு எல்லைக்குள் கால் வைத்தால் அதுவும் இல்லை. சங்கம் வைக்கக்கூட உரிமை கிடையாது. விடியுமுன் உள்ளே போனவர்கள் இருட்டிய பிறகு வெளியே வந்தார்கள். 1935இல் சவானா ஆலையில் எண்பத்து நான்கு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. வ. சுப்பையா என்ற இளைஞர் அப்போது 'சுதந்திரம்' என்ற பத்திரிகை நடத்திக்கொண்டு தொழிலாளர்களை ஒன்று சேர்த்துக்கொண்டிருந்தார்.

1936 ஜூனில் பிரான்சில் லெயோன் புளூம் தலைமையில் மக்கள் முன்னணி அரசு வந்தது. அங்கே வாரத்துக்கு நாற்பது மணி நேரமும் சம்பளத்தோடு இரண்டு வார விடுப்பும் சட்டமாயின. அதே கொடியின் கீழ் இருந்த புதுச்சேரித் தொழிலாளி, எனக்கும் அந்தச் சட்டம்தானே என்று கேட்டதில் என்ன தப்பு? எட்டு மணி நேரமும் சங்க உரிமையும் கேட்டு ஜூலையில் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். ஜூலை 30ஆம் தேதி பிரெஞ்சுப் போலீஸ் சுட்டது. பன்னிரண்டு பேர் செத்தார்கள்.

பாரிசில் பெரிய சத்தம் எழுந்தது. மறு ஆண்டு, 1937 ஏப்ரலில், பிரெஞ்சிந்தியாவுக்கான தொழிலாளர் ஆணை வந்தது. சங்க உரிமையும் எட்டு மணி நேர வேலையும் அதில் இடம்பெற்றன. ஆசியாவிலேயே எட்டு மணி நேரம் முதலில் சட்டமானது எங்கள் ஊரில்தான் என்று புதுச்சேரிக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். ஒவ்வொரு ஜூலை 30ஆம் தேதியும் அங்கே தியாகிகள் நாள் நடக்கிறது.

அந்த ஆணை வந்தபோது ஆற்றுக்கு இந்தப் பக்கம் நம் கடலூரில் பத்து மணி நேரம்தான் சட்டம். 1946இல், வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை அம்பேத்கர் கவனித்த காலத்தில்தான், வாரத்துக்கு நாற்பத்தெட்டு என்ற திருத்தம் வந்தது. பிறகு 1948 தொழிற்சாலைச் சட்டம். கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் 1947 சென்னைச் சட்டம். இவ்வளவு சுற்றி வந்துதான் எட்டு மணி நேரம் நம் வீட்டு வாசலுக்கு வந்தது.

சரி, எட்டு மணி நேரம் வந்துவிட்டது. கதை முடிந்ததா? டைம் ஆபீஸ்காரன் முடிந்தது என்று சொல்லமாட்டான். எட்டு மணி நேரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது இன்னொரு கேள்வி.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பித்தளை டோக்கன் முறை. ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த ஒரு வில்லை. வாசலில் நுழையும்போது பலகையிலிருந்து எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். சங்கு ஊதியதும் பெட்டியை உள்ளே எடுத்துவிடுவார்கள். ஐந்து நிமிடம் தாமதமாக வந்தவனுக்கு அரை மணிக் கூலி வெட்டு. கால் மணிக்கு மேல் போனால் வாசல் சாத்தியாகிவிடும். உள்ளே வரும் நேரத்துக்கு அவ்வளவு கறார். வெளியே போகும் நேரத்துக்கு? பெட்டியும் இல்லை, பலகையும் இல்லை. மஸ்டர் ரோலில் அதற்கு ஒரு கட்டமே கிடையாது. ரிலீவர் வராமல் இருபது நிமிடம் மெஷினைப் பார்த்துக்கொண்டவன், மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டுக் கொடுத்தவன், வாசலில் சோதனைக்காக வரிசையில் நின்றவன், யாருடைய நேரமும் எந்தத் தாளிலும் இல்லை. தாளில் இல்லாததற்குச் சம்பளம் எப்படி வரும்?

பிறகு பஞ்ச் கார்டு வந்தது. இப்போது கட்டைவிரல் ரேகை. இயந்திரம் நொடிக்கணக்கில் பதிகிறது. ஆனால் எப்போது விரல் வைக்க வேண்டும் என்பதை இயந்திரம் சொல்வதில்லை, மேஸ்திரியோ சூப்பர்வைசரோ சொல்கிறார். "உடுப்பு மாற்றிவிட்டு வந்து விரல் வை." "விரல் வைத்துவிட்டு வந்து மீதியை முடி." இந்த இரண்டு வாக்கியத்தில் அரை மணி போய்விடும்.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஜவுளிக்கடையில் வேலை செய்கிறாள். கடை ஒன்பதரைக்குத் திறக்கும். ஒன்பது மணிக்கே போய்ச் சேலைகளை எடுத்து அடுக்கியாக வேண்டும். இரவு ஷட்டரை இறக்கிய பிறகுதான் வாடிக்கையாளர் பிரித்துப் போட்ட சேலைகளை மடிக்கும் வேலை ஆரம்பிக்கும். "தாத்தா, சேலை விக்கிறதுக்குத்தான் சம்பளம், மடிக்கிறதுக்கு இல்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 75 ரூபாய். நாளுக்கு அரை மணி கணக்கில் வராமல் போகிறது. மாதம் 26 நாள் என்றால் 13 மணி நேரம். சாதாரணக் கூலியிலேயே 975 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டைக் கூலி என்ற சட்டப்படி பார்த்தால் 1,950 ரூபாய். ஆண்டுக்கு 23,400 ரூபாய். நேரமாகப் பார்த்தால் ஆண்டுக்கு 156 மணி நேரம், அதாவது பத்தொன்பதரை நாள் முழு வேலை. சோழர் காலத்து வெட்டி என்று நான் சொன்னது உவமைக்காக இல்லை, கணக்கே அப்படித்தான் வருகிறது.

இரட்டைக் கூலி ஏன் என்று சிலர் கேட்பார்கள். அது தொழிலாளிக்குக் கொடுக்கும் பரிசு இல்லை. முதலாளி எட்டு மணிக்கு மேல் ஆளை நிறுத்த யோசிக்க வேண்டும், இன்னோர் ஆளை வேலைக்கு வைப்பதே லாபம் என்று அவருக்குத் தோன்ற வேண்டும். அதற்காகப் போட்ட வேலி அது. 2020இல் கொரோனா காலத்தில் குஜராத் அரசு அந்த வேலியைப் பிடுங்கிப் பார்த்தது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கலாம், கூடுதல் நேரத்துக்குச் சாதாரணக் கூலி போதும் என்று அறிவிக்கை போட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, செய்த கூடுதல் வேலைக்குச் சட்டப்படி கூலி கொடுக்கச் சொன்னது. நம் தமிழ்நாட்டிலும் 2023 ஏப்ரல் 21ஆம் தேதி பன்னிரண்டு மணி நேரத்துக்கு வழிவிடும் திருத்தம் சட்டசபையில் நிறைவேறியது. சங்கங்கள் ஒன்றாக எழுந்தன. மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். 1923இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது இதே சென்னையில். சரியாக நூறு ஆண்டுக்குப் பிறகு இது நடந்தது.

பன்னிரண்டு மணி நேரம் என்று சட்டமே போட வந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது, எதிர்க்க முடிகிறது. அரை மணி அரை மணியாகப் போவதுதான் யாருக்கும் தெரிவதில்லை. ஊர்வலம் போகும் அளவுக்கு அது பெரிதாகவும் தெரியாது. அதனால்தான் அது இத்தனை காலம் பிழைத்திருக்கிறது.

இது நம் நாட்டு வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் மவுன்ட் கிளமென்ஸ் என்ற ஊரின் பீங்கான் ஆலைத் தொழிலாளர்கள் ஒரு வழக்குப் போட்டார்கள். கார்டு அடித்த இடத்திலிருந்து வேலை செய்யும் இடம்வரை நடப்பதும், மேலங்கி மாட்டி ஆயத்தம் செய்வதும் வேலை நேரம்தான் என்பது அவர்கள் வாதம். 1946இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. முதலாளிகள் பதறிப்போய், மறு ஆண்டே நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டு, நடக்கும் நேரத்தையும் ஆயத்த நேரத்தையும் பெரும்பாலும் கழித்துவிட்டது. அந்தச் சட்டத்தின் நிழல் 2014வரை நீண்டது. அமேசான் கிடங்குகளில் வேலை செய்தவர்கள், முடித்துவிட்டு வெளியே போகச் சோதனை வரிசையில் இருபத்தைந்து நிமிடம்வரை நிற்கிறோம், அதற்குக் கூலி வேண்டும் என்று கேட்டார்கள். இல்லை என்று ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது.

ஆனால் 1946 தீர்ப்பில் ஒரு பகுதி நிலைத்தது. எனக்கு அதுதான் முக்கியம். நேரத்தைப் பதிந்து வைக்கும் பொறுப்பு முதலாளியுடையது. அவர் சரியாகப் பதிந்து வைக்கவில்லை என்றால், தொழிலாளி நிமிடம் பிசகாமல் நிரூபிக்க வேண்டும் என்று கேட்க முடியாது. நியாயமாக ஊகிக்கும் அளவுக்கு ஆதாரம் காட்டினால் போதும், அதற்கு மேல் மறுப்பது முதலாளியின் பாடு.

நம் 1948 சட்டத்திலும் இதே புத்தி உண்டு. எந்த ஷிப்ட் எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். எழுதிய நேரத்துக்கு மாறாக யாரையும் வேலை வாங்கக் கூடாது. 103ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே போனது. சாப்பாட்டு இடைவேளை தவிர, ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் உள்ளே இருந்தால், அவர் அப்போது வேலையில் இருந்ததாகவே கருத வேண்டும். இல்லை என்றால் அதை மறுப்பவர் நிரூபிக்க வேண்டும். "சும்மாதான் உள்ளே நின்றான்" என்று சொல்லித் தப்பிக்க முடியாதபடி எழுதியிருந்தார்கள். அந்தப் பிரிவைப் படித்த அன்று, இதை எழுதியவர் எங்காவது ஆலை வாசலில் நின்று பார்த்தவராக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

2025 நவம்பரில் பழைய சட்டங்களின் இடத்துக்கு நான்கு தொகுப்புச் சட்டங்கள் வந்துவிட்டன. அவற்றின் நல்லது கெட்டது பற்றிச் சங்கங்கள் பேசிக்கொண்டிருக்கின்றன, அது தனிக் கட்டுரைக்கு உரியது. நம் விஷயத்துக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன். நாளுக்கு எட்டு மணி நேரம் என்பது அதிலும் இருக்கிறது. கூடுதல் வேலைக்கு இரட்டைக் கூலி என்பதும் இருக்கிறது. வராத கூலியைக் கேட்க மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் சுமை முதலாளி மேல்.

ஆக, சட்டம் பக்கத்தில்தான் நிற்கிறது. நடுவில் குறைவது ஒரு தாள். முதலாளியின் பதிவேட்டில் வெளியே போன நேரத்துக்குக் கட்டம் இல்லை என்றால், அந்தக் கட்டத்தை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் தெருப் பெண்ணுக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். தேதி, கடைக்குள் போன நேரம், விரல் வைத்த நேரம், மறுபடி விரல் வைத்த நேரம், வெளியே வந்த நேரம். ஐந்தே கட்டம். அன்றன்றைக்கே எழுத வேண்டும், மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் மதிப்பு இல்லை என்று சொன்னேன். கூட வேலை செய்யும் இன்னும் இரண்டு பேர் எழுதினால் இன்னும் நல்லது. ஒரு நோட்டை மறுப்பது சுலபம், மூன்று நோட்டும் ஒரே நேரத்தைச் சொன்னால் மறுப்பது கடினம்.

வேலை போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு இருக்கிறது. இருக்கத்தான் செய்யும். நோட்டு எழுதுவதற்கு யார் அனுமதியும் வேண்டாம், யாருக்கும் காட்டவும் வேண்டாம், கேட்கும் நாள் வரும்போது கையில் இருந்தால் போதும் என்றேன். முதல் மாதம் முடிந்ததும் கூட்டிப் பார்த்தோம். இருபத்தேழரை மணி நேரம் வந்தது. அவளே இரண்டு முறை கூட்டிச் சரிபார்த்தாள். இரண்டாவது மாதத்துக்கு அவளோடு வேலை செய்யும் இன்னொரு பெண்ணும் நோட்டு போட்டிருக்கிறாளாம்.